பொருள்: ப்ராஸ்பெக்ட் ரிசர்ச் – ‘கொடை முன்னாய்வு’ எனலாமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

நன்கொடை கேட்கப் போகுமுன் யாரிடம் கேட்கலாம் என்று தேடி அறிகிற வேலையை ஆங்கிலத்தில் ‘ப்ராஸ்பெக்ட் ரிசர்ச்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இந்த இழையில் இதுவரை வந்த சொற்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போய், யாழ்ப்பாணத்தில் இந்த வேலையைப் பெயர் தெரியாமலே செய்துகொண்டிருப்பவர்களிடம் காட்டினேன். பழைய மாணவர் சங்கங்களில் கணக்கும் கடிதமும் பார்ப்பவர்கள், முதியோர் இல்லத்துக்கு நிதி சேர்ப்பவர்கள், இப்படியான ஆக்கள். அவர்களுக்கு ஒரு வாண்மை விருத்திப் பயிற்சி தயாராகிறது, கைநூலுக்குச் சொல் வேண்டும். (தமிழகத்து நண்பர்கள் ‘பணித்திறன் மேம்பாடு’ என்று திருத்தியிருந்தீர்கள். இலங்கையில் ‘வாண்மை விருத்தி’ வேரூன்றிவிட்டது, அதை அப்படியே விடுவோம்.)

வந்த பரிந்துரைகளில் ‘எதிர்பார்ப்பு ஆய்வு’ போன்றவை ஆங்கிலச் சொல்லை மட்டும் பார்த்துப் பிறந்தவை. வேலையைப் பார்த்துப் பெயர் வைக்க வேண்டும். ஒருவரிடம் பெரிய தொகை கேட்கப் போகுமுன் மூன்று விடயம் தெரிந்திருக்க வேண்டும்: அவரால் எவ்வளவு முடியும், இந்தக் காரியத்தோடு அவருக்கு என்ன ஒட்டு, முன்பு எங்காவது கொடுத்த பழக்கம் உண்டா. இதைத் தேடுவது பொது ஆவணங்களில். பிரித்தானியாவின் கம்பனிஸ் ஹவுஸ் பதிவேட்டில் ஒரு கம்பனிக்கு யார் யார் இயக்குநர்கள், ஆண்டுக்கணக்கு என்ன சொல்கிறது என்று யாரும் காசு கட்டாமல் பார்க்கலாம். அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் வருடாவருடம் வரித் துறைக்குக் கொடுக்கிற 990-பிஎஃப் படிவத்தில் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது வரிவரியாக இருக்கும். நல்லூரில் இருந்துகொண்டே இதெல்லாவற்றையும் பார்க்கலாம். எங்கே பார்ப்பது, பார்த்ததை எப்படி எழுதி வைப்பது, எதை எழுதவே கூடாது என்பதுதான் பயிற்சியின் பெரும்பகுதி.

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

‘கொடை ஆற்றுப்படை’ எனக்கும் மிகவும் பிடித்தது. பரிசில் பெற்ற பாணன் எதிரே வருகிற பாணனுக்கு வள்ளலின் ஊரையும் வழியையும் அவன் கொடுக்கும் விதத்தையும் சொல்கிறான், பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு ஆற்றுப்படை வகை, இதைவிட அழகான முன்னோடி வேறு எந்த மொழியில் கிடைக்கும்! ஆனால் இங்கே ‘ஆற்றுப்படுத்தல்’ உளவளத்துணையோடு (மனநல ஆலோசனையோடு) சேர்ந்து வழங்குகிற சொல். ‘கொடை ஆற்றுப்படுத்துநர்’ என்று அட்டையில் அடித்தால் மனப்பாரத்தோடு ஒருவர் வந்து கதவைத் தட்டுவார், அது அவருக்குச் செய்கிற நியாயம் இல்லை.

‘கொடைத் தேட்டம்’ யாழ்ப்பாணத்துக்குச் சரிவராது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று சொத்தை மூன்றாகப் பிரிப்பார்கள், 1707இல் ஒல்லாந்தர் எழுதி வைத்த காலம் தொட்டு வருகிற விடயம் அது. தேட்டம் என்றாலே இங்கே ஆக்களின் நினைவுக்கு வருவது காணியும் அதன் உறுதிப்பத்திரமும்தான்.

‘உபய ஆய்வு’ என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். கோயிலில் எந்தத் திருவிழா எந்தக் குடும்பத்துடையது, அந்த வீட்டில் இப்போது யார் ரொறன்ரோவில், யார் சூரிச்சில் என்று விரல் நுனியில் வைத்திருக்கிற பெரியவர்களை நினைத்து எழுதியிருப்பார். அம்மா, உபயம் பரம்பரை உரிமை. உபயகாரரிடம் யாரும் புதிதாகக் கேட்பதில்லை, விட்டுக்கொடுக்கச் சொன்னால்தான் சண்டை வரும்.

யாரிடம் கேட்கப் போகிறோமோ அவருக்கு ‘வருகொடையாளர்’ என்று பெயர் வைத்ததில்தான் எனக்குப் பெரிய மறுப்பு. ஓசை நன்றாக இருக்கிறது, வினைத்தொகையும் ஒழுங்கு. ஆனால் அந்த மனிதர் இன்னும் ஒரு சதமும் தரவில்லை, எங்கள் கோப்பில் தன் பெயர் இருப்பதே அவருக்குத் தெரியாது, அதற்குள் அவரைக் கொடையாளர் ஆக்கிவிடுகிறோம். பிரித்தானியாவில் 2016 டிசம்பரில் இரண்டு பெரிய அறநிறுவனங்களுக்கு, தனிப்பட்ட தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையாளர் 25,000 பவுணும் 18,000 பவுணும் தண்டம் விதித்தார். தந்தவர்களுக்கே சொல்லாமல் அவர்களின் செல்வநிலையை வெளிக் கம்பனிகளைக்கொண்டு அளந்ததும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அடுத்த ஏப்ரலில் மேலும் 11 நிறுவனங்கள் மாட்டின. இலங்கையிலும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறிவிட்டது. வருவார் என்று நாங்களே தீர்மானித்துவிட்ட ஒரு சொல்லோடு பயிற்சியைத் தொடங்க எனக்கு மனமில்லை.

ஆகவே என் பரிந்துரை: ஆளுக்குக் ‘கேட்கத்தக்கவர்’, வேலைக்குக் ‘கொடை முன்னாய்வு’, செய்பவர் ‘கொடை முன்னாய்வாளர்’. ‘கேட்கக்கூடிய ஆள்’ என்று ஊரில் ஏற்கெனவே சொல்கிறார்கள், அதைத்தான் கொஞ்சம் செப்பம் செய்திருக்கிறேன். தகுமா என்ற கேள்வி கேட்கப் போகிற எங்கள் பக்கம் நிற்கிறது, அவருடைய பணப்பை பக்கம் போகவில்லை. முன்னாய்வு என்றால் பரீட்சார்த்த ஆய்வோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். கொடை முன்னால் நிற்கும்போது குழம்பாது என்பது என் எண்ணம்.

கைநூலில் வைத்திருக்கிற ஒரு மாதிரிப் பதிவைப் பாருங்கள், கற்பனைதான்: ‘1984 உயர்தரப் பிரிவு. இலண்டன். கடைசியாகத் தந்தது ஆய்வுகூடத்துக்கு, தாயாரின் நினைவாக. பேச வேண்டியவர்: வகுப்புத் தோழர். நேரடித் தொலைபேசி அழைப்பை விரும்புவதில்லை.’ இதோடு நிறுத்த வேண்டும். பிள்ளையின் கலியாணம் குழம்பியது, அண்ணன் தம்பி காணி வழக்கு, இதெல்லாம் ஊர்க்கதையாகக் காதில் விழும். உண்மையாகவே இருந்தாலும் பதிவில் ஏறக்கூடாது. அவரே ஒருநாள் வந்து அந்தத் தாளைக் கையில் எடுத்துப் படித்தால் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும்.

பலரின் செல்வநிலையை மொத்தமாக அளந்து சலித்தெடுப்பதற்கு (ஆங்கிலத்தில் ‘வெல்த் ஸ்கிரீனிங்’) ‘சலிப்பு’ என்றால் அலுப்பு, ‘அரிப்பு’ என்றால் சொறி, அதனால் ‘வசதி வடிகட்டல்’ என்று போட்டிருக்கிறேன். தந்த பிறகு தொடர்பைப் பேணி, காசு எங்கே போனது என்று கணக்குச் சொல்லும் வேலைக்குத்தான் இன்னும் ஒன்றும் அமையவில்லை. ‘கொடைப் பேணல்’ என்றால் பணத்தைப் பாதுகாப்பது போலத் தொனிக்கிறது, ‘கொடையாளர் பராமரிப்பு’ என்றால் முதியோர் இல்லம் போல. மட்டக்களப்பு, மலையக நண்பர்கள் யாராவது உங்கள் பக்கத்தில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். கைநூல் அச்சுக்குப் போகுமுன் ‘கேட்கத்தக்கவர்’ தமிழகத்துக் காதில் எப்படி விழுகிறது என்பதும் எனக்குத் தெரிய வேண்டும்.