ஹனோய்: ஹோ சி மின் சமாதி இன்று மூடியிருந்தது, திங்கள் காலை விமானம். என்ன செய்யலாம்?

நொய்யல் | வெள்ளி, மாலை 4.10

அம்மாவோடு நேற்று ஹனோய் வந்தேன். அம்மாவுக்கு 67 வயது. இரண்டு முழங்காலிலும் வலி, சுத்த சைவம். அப்பா பனியன் தொழிற்சங்கத்தில் முப்பது வருடம் இருந்தவர். எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர்களுடைய கல்யாணப் படத்துக்குப் பக்கத்திலேயே வியட்நாம் விடுதலைத் தலைவர் ஹோ சி மின் படம் மாட்டியிருக்கும். ஒருமுறை ஹனோய் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் தவறிவிட்டார். அதனால்தான் இந்தப் பயணமே.

இன்று காலை 9 மணிக்குச் சமாதிக்குப் போனோம். காவலர் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினார். இன்று கிடையாதாம். பயண ஏற்பாட்டாளர் கொடுத்த தாளில் வெள்ளிக்கிழமை என்றுதான் போட்டிருந்தது, நானும் சரிபார்க்கவில்லை. சதுக்கத்தின் ஓரத்தில் அம்மா அரை மணி நேரம் அந்தக் கட்டடத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

நாளை சனிக்கிழமை ஹா லாங் வளைகுடா படகுப் பயணத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது. ஞாயிறு காலியாக இருக்கிறது. அன்று திறப்பார்களா? அம்மா எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும்?

சாப்பாடும் பிரச்சினைதான். நேற்று இரவு சைவம் என்று சொல்லித்தான் நூடுல்ஸ் சூப் வாங்கினேன். ஒரு வாய் வைத்ததும் மீன் வாடை என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். அதிலிருந்து வாழைப்பழமும் பிஸ்கட்டும்தான். பழக்காரியிடம் 20,000 டாங் என்று நினைத்து 500,000 நோட்டைக் கொடுத்துவிட்டேன் என்பதும் அறைக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. கிட்டத்தட்ட 1,600 ரூபாய் போய்விட்டது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிவப்புநதி | வெள்ளி, மாலை 5.05

பதறாதீர்கள் சகோதரி, இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. நான் இங்கே ஆறு வருடமாக ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன்.

சமாதிக்குத் திங்களும் வெள்ளியும் விடுமுறை. மற்ற நாட்களில் காலையில் மட்டும் திறப்பார்கள். நவம்பரில் 8 மணிக்குத் திறந்து, சனி ஞாயிறில் 11.30 வரை விடுவார்கள். ஞாயிறு கண்டிப்பாகப் பார்க்கலாம், ஆனாலும் நான் சொல்வது நாளைக்கே போங்கள் என்பதுதான். ஞாயிறன்று அம்மாவுக்குக் கால் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அப்புறம் வேறு நாள் கிடையாது. ஹா லாங் போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். அதை முடித்த மறுநாள் அதிகாலையில் அவரை எழுப்புவதும் சரியில்லை. ஹா லாங்குக்குத் தினமும் வண்டி போகிறது. ஏற்பாட்டாளரை இப்போதே கூப்பிட்டு ஞாயிற்றுக்கு மாற்றச் சொல்லுங்கள், இரவு ஏழு எட்டு மணிக்குமேல் மாற்ற மாட்டார்கள்.

காலை 7.15-க்குள் வரிசைக்குப் போய்விடுங்கள். சதுக்கத்து முன்பக்கம் இறங்கினால் நிறைய நடக்க வேண்டும். ஙொக் ஹா தெரு வாசல் என்று ஓட்டுநரிடம் சொல்லுங்கள். சேலை தாராளமாகச் சரி. அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடைதான் கூடாது. கேமராவை வாங்கி வைத்துக்கொள்வார்கள். உள்ளே பேசக் கூடாது, சட்டைப்பையில் கை விடக் கூடாது.

முக்கியமான ஒன்று: உள்ளே நிற்க விட மாட்டார்கள். அவர் உடலைப் பதப்படுத்தி வைத்திருக்கும் கண்ணாடிப் பேழையைச் சுற்றி நடந்துகொண்டே இருக்க வேண்டும், ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோதான். கும்பிடுவதானாலும் நடந்தபடியே கும்பிட வேண்டும். இதை அம்மாவிடம் இன்றே சொல்லி வையுங்கள். தெரியாமல் போனால், சரியாகப் பார்க்கவே இல்லையே என்று மனசு சங்கடப்படும்.

மாவடு | வெள்ளி, மாலை 5.40

நானும் சைவம், போன வருடம் பன்னிரண்டு நாள் அங்கே இருந்தேன். 'வெஜிடேரியன்' என்றால் அவர்களுக்கு இறைச்சித் துண்டு போடாத சாப்பாடு, அவ்வளவுதான். சாறு எலும்பில் கொதித்ததாகவே இருக்கும், மேலே நுவக் மாம் என்கிற மீன் சாறு விடுவார்கள். வெறும் கீரை வதக்கல் கேட்டாலும் ஹாட் நேம் என்று ஒரு தூள் போடுவார்கள், அதில் பெரும்பாலும் பன்றி எலும்புச் சாறு சேர்ந்திருக்கும்.

நீங்கள் சொல்ல வேண்டிய வார்த்தை 'ஆன் சாய்'. பௌத்தர்கள் நோன்புக்குச் சாப்பிடும் சைவம் அது. கடைப் பலகையில் சி, எச், ஏ, ஒய் என்ற நான்கு எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தக் கடையில் மீன் சாறும் சோயாவில் செய்ததுதான். அமாவாசை கழிந்த முதல் நாளும் பௌர்ணமியும் அவர்களுக்கு விரத நாள், அப்போது கூட்டம் நெரியும்.

அம்மாவிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சாய் கடையில் சோயாவையும் கோதுமைப் பசையையும் கோழித்தொடை மாதிரி, மீன் துண்டு மாதிரி வடிவத்தில் செய்து வைப்பார்கள். என் மாமியார் தட்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். வெறும் சோறு, டோஃபு, காளான், வேகவைத்த காய் என்று கைகாட்டி வாங்குங்கள்.

காலைக்கு 'சோய் லாக்'. நிலக்கடலை போட்டு ஆவியில் வேகவைத்த ஒட்டரிசி, மேலே எள்ளும் உப்பும் பொடித்துத் தூவுவார்கள். இலையில் பொதிந்து சுடச்சுடத் தருவார்கள், ஆவி பறக்கும். மஞ்சள் நிறத்தில் இருப்பதை மட்டும் வாங்காதீர்கள், அதில் கொழுப்பு ஊற்றுவது வழக்கம்.

கல்பாலம் | வெள்ளி, மாலை 6.20

20,000, 500,000 இரண்டும் நீலம், இரண்டும் பிளாஸ்டிக் தாள், இரண்டிலும் ஹோ சி மின் முகம். மங்கலான வெளிச்சத்தில் யாருக்கும் குழப்பம் வரும். 500,000 கொஞ்சம் நீளம் அதிகம். 20,000-ன் பின்பக்கம் கூரை போட்ட பாலம் இருக்கும். நான் 200,000, 500,000 இரண்டையும் தனிப் பையில் வைத்துவிடுவேன், தெருவில் அந்தப் பையைத் திறப்பதே இல்லை. புது நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், விரலால் தேய்த்து எண்ணிக் கொடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், முழங்கால் வலி என்றீர்களே. சாலையைக் கடக்கும்போது ஒரே சீராக மெதுவாக நடக்க வேண்டும். ஸ்கூட்டர்கள் நம் நடையைக் கணக்குப் பண்ணித்தான் விலகிப் போகின்றன. பாதியில் நின்றாலோ பின்வாங்கினாலோதான் ஆபத்து. காரும் பஸ்ஸும் அப்படி விலகாது, அவற்றைப் போகவிட்டுவிட்டு இறங்குங்கள். இன்று மாலையிலிருந்து ஞாயிறு இரவு வரை ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றிய தெருக்களில் வண்டியே விடுவதில்லை. அம்மாவை அங்கே கூட்டிப் போய் உட்கார வையுங்கள்.

நொய்யல் | வெள்ளி, இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. கொஞ்சம் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு ஹா லாங்கை ஞாயிற்றுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஏரிக்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சாய் கடை கிடைத்தது. அம்மா சோறும் பூசணிக்காயும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். நடந்தபடிதான் பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னேன். "நின்னு பாக்க விடாட்டியும் பரவால்ல, போயிட்டு வந்தாப் போதும்" என்றார்.

படி ஏற வேண்டுமா? சக்கர நாற்காலி கேட்கலாமா?

சிவப்புநதி | வெள்ளி, இரவு 9.50

படிகள் உண்டு. சோதனை நடக்கும் இடத்திலேயே முழங்காலைத் தொட்டுக் காட்டுங்கள். வயதானவர்களுக்கு இங்கே மரியாதை அதிகம், நாற்காலி இருந்தால் கொண்டுவந்துவிடுவார்கள்.

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் வெறுமனே மாமா என்கிற மாதிரி சொல்கிறார்களே, இங்கே ஜனங்கள் அவரை 'பாக் ஹோ' என்கிறார்கள். பாக் என்றால் அப்பாவுக்கு மூத்தவர். நம் கணக்கில் பெரியப்பா. தமிழில் அதைச் சரியாகச் சொல்ல முடிகிறது.

நொய்யல் | சனி, மதியம் 2.15

பார்த்துவிட்டோம்.

7 மணிக்கே போனோம். எங்களுக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகள் ஒரு நூறு பேர். சோதனை வாசலில் ஒரு காவலர் அம்மாவின் நடையைப் பார்த்துவிட்டு, நான் கேட்கும் முன்பே நாற்காலி கொண்டுவந்தார். உள்ளே நல்ல குளிர். வெள்ளைச் சீருடையில் நான்கு காவலர்கள் சிலை மாதிரி நின்றார்கள். முகத்திலும் கைகளிலும் மட்டும் விளக்கொளி. தாடி ஒவ்வொரு இழையாகத் தெரிந்தது. அம்மா கும்பிட்ட கையை வெளியே வரும்வரை இறக்கவில்லை.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்ததும் கேட்டார்: "எரிக்கச் சொல்லித்தான எழுதி வெச்சாரு? அப்பா சொல்வாரே." எனக்கு அது தெரியாது. உண்மையா அண்ணா?

அப்புறம் இலக்கியக் கோயிலுக்குப் போனோம், கன்பூசியஸுக்குக் கட்டிய பழைய கோயில், கல்விக்கூடம். 100,000 நோட்டில் இருப்பது அதுதான் என்று அம்மாதான் நோட்டை விரித்துக் காட்டினார்.

சிவப்புநதி | சனி, மாலை 3.00

உங்கள் அப்பா சொன்னது உண்மை. தன் உடலை எரித்துச் சாம்பலை வடக்கு, நடு, தெற்கு என்று மூன்றாகப் பிரித்துக் குன்றுகளில் வைக்கும்படி எழுதியிருந்தார். 1969-ல் அவர் இறந்தபோது உயிலின் அந்தப் பகுதியை வெளியிடவில்லை, 1989-ல்தான் வெளியே வந்தது. சமாதி கட்டி 1975-ல் திறந்தார்கள்.

இலக்கியக் கோயிலில் ஆமை முதுகில் நிற்கும் 82 கல்வெட்டுகளைப் பார்த்தீர்களா? 1442-ம் ஆண்டுத் தேர்வு தொடங்கி, அரசுத் தேர்வில் தேறியவர்களின் பெயரை ஊரோடு வெட்டியிருக்கிறது. எல்லாம் நாட்டின் மிக உயர்ந்த தேர்வில் தேறி, அரசரிடம் உயர் அதிகாரிகளாகப் போனவர்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஊர் பள்ளிக்கூட மரியாதைப் பலகை ஞாபகம் வரும்.

நாளை ஹா லாங் படகில் மதியச் சாப்பாடு பெரும்பாலும் மீனும் இறாலும்தான். இன்றைக்கே ஏற்பாட்டாளரிடம் 'ஆன் சாய்' என்று சொல்லி வையுங்கள்.

மாவடு | சனி, மாலை 3.25

சொன்னாலும் நம்பி இருக்காதீர்கள். வண்டி ஏறும் முன் சோய் லாக் இரண்டு பொட்டலம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மதியம் வரை கெடாது.