சிபில் ஸ்கோர் 560: திரும்ப ஏற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் ஆறு மெஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 2020 ஊரடங்கில் ஆர்டர் நின்றுபோனது. பர்சனல் லோன், கிரெடிட் கார்டு இரண்டிலும் தவணை தவறியது. மெஷின்களை விற்று 2022-ல் இரண்டையும் செட்டில்மென்ட் பேசி (ஒரு பகுதியைக் கட்டி, மீதியை வங்கி தள்ளுபடி செய்வது) முடித்தேன். இப்போது ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.

போன வாரம் சிபில் ரிப்போர்ட் (நாம் கடனைக் கட்டிய விதத்தைப் பதிந்து மதிப்பெண் தரும் நிறுவனத்தின் அறிக்கை) எடுத்தேன். லோனுக்கு நேரே ‘செட்டில்டு’ என்று இருக்கிறது, அது சரி. ஆனால் கார்டில் இன்னும் 41,300 ரூபாய் பாக்கி என்று காட்டுகிறது. கட்டிய ரசீதும் வங்கி கொடுத்த கடிதமும் கையில் இருக்கின்றன. கடிதத்தின் மடிப்பில் மை அழிய ஆரம்பித்ததால் நேற்றே ஸ்கேன் செய்து வைத்தேன்.

புகார் கொடுத்தால் 30 நாளில் தீர்க்க வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. நடைமுறையில் யாருக்காவது அப்படித் திருத்திக் கிடைத்ததா? முதலில் வங்கிக்குப் போவதா, சிபிலுக்கா?

அப்புறம், லோனில் தள்ளுபடியான 90,000 ரூபாயையும் கட்டி ‘க்ளோஸ்டு’ (முழுசாகக் கட்டி முடித்தது) என்று மாற்றச் சொல்கிறார்கள். அதைச் சேர்க்க எனக்கு ஒரு வருடம் ஆகும். அதைவிட 20,000 ரூபாய் எஃப்டி (வங்கியில் நிரந்தர வைப்பு) போட்டு, அதன் பேரில் கார்டு வாங்கி, மாதாமாதம் முழுசாகக் கட்டி வருவது மேலா?

மகள் அடுத்த வருடம் பிளஸ் டூ முடிக்கிறாள். கல்விக் கடனுக்கு நானும் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வழியில் போய் மீண்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.