டயப்பர் தூள் 300 மடங்கு உறிஞ்சுமா? பஞ்சு தேவையே இல்லையா?

பழைய ஆபரேட்டர் | காலை 6:50
பக்கத்து இழையில் பாலிமர் பித்தன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. அவர் எழுதியது இதுதான்: "டயப்பரில் போடும் எஸ்ஏபி (நீரை மிக அதிகமாக உறிஞ்சும் பாலிமர்) தூள் தன் எடையைப் போல 300 மடங்கு உறிஞ்சும். 10 கிராம் போட்டால் 3 லிட்டர் பிடிக்கும். கூட வரும் பஞ்சு வெறும் அடைசல், கம்பெனிகள் பழக்கதோஷத்தில் போடுகின்றன."

டயப்பர் தயாரிப்பு லைனில் 19 வருடம் நின்றவன் நான். 3 லிட்டர் பிடித்த டயப்பரை இதுவரை கண்ணால் கண்டதில்லை. அந்த 300 காய்ச்சி வடித்த நீரில் வரும் கணக்கு. சிறுநீர் உப்புத் தண்ணீர். அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் 0.9 சதவீத உப்புக் கரைசலில் ஊறவைத்து, மையவிலக்கில் சுற்றிப் பிழிந்து, மிச்சத்தை எடை போடுகிறார்கள். அப்போது வருவது 30-ஐ ஒட்டிய எண். மேலே சதுர அங்குலத்துக்கு 0.7 பவுண்டு அழுத்தம் வைத்து அளந்தால் 20 சொச்சம். குழந்தை உட்காரும், படுக்கும், புரளும். அந்த எடைக்குக் கீழேதான் தூள் வேலை செய்ய வேண்டும்.

300-ஐ எங்கிருந்து எடுத்தீர்கள், சொல்லுங்கள்.

பாலிமர் பித்தன் | காலை 7:35
பாடப்புத்தகத்திலிருந்து எடுத்தேன். சோடியம் பாலிஅக்ரிலேட் சங்கிலிகளில் மின்னேற்றம் உள்ள குழுக்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. உள்ளே அடைபட்ட சோடியம் அயனிகள் வெளியிலிருக்கும் தண்ணீரை இழுக்கின்றன. சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பு இருப்பதால் தூள் கரையாமல் உப்பி நிற்கிறது. தூய நீரில் 300 மடங்கு என்பது அடக்கமான எண். வேதியியல் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எந்திரம் ஓட்டியவர் எந்திரத்தைப் பற்றிப் பேசட்டும். மூலக்கூறைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

பழைய ஆபரேட்டர் | காலை 7:52
மூலக்கூறு உங்களுடையதாகவே இருக்கட்டும். நான் ஒரு வேலை சொல்கிறேன், செய்துவிட்டு வாருங்கள்.

புது டயப்பர் ஒன்றைக் கிழித்து, நடுப்பகுதியை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயைப் பிடித்துக்கொண்டு நன்றாகக் குலுக்குங்கள். பஞ்சு மேலே நிற்கும், சர்க்கரைபோல வெள்ளைக் குருணை அடியில் இறங்கும். அதில் அரை அரைத் தேக்கரண்டி இரண்டு டம்ளரில் போடுங்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர். இன்னொன்றில் லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைத்த நீர். இரண்டிலும் ஒரே அளவு.

முதல் டம்ளரில் குருணை கண்ணாடிச் சில்லுபோல உப்பும். டம்ளரைக் கவிழ்த்தாலும் விழாது. இரண்டாவதில் அடியில் கொஞ்சம் கொழகொழப்பு, மேலே தண்ணீர் தண்ணீராகவே நிற்கும். இப்போது முதல் டம்ளரில் ஒரு தேக்கரண்டி உப்பைத் தூவுங்கள். கொஞ்ச நேரத்தில் ஜெல் தளர்ந்து, பிடித்து வைத்த தண்ணீரை விட்டுவிடும்.

உங்கள் 300 அந்த ஒரு தேக்கரண்டி உப்புக்குத் தாங்காது. 10 கிராம் தூள், 30 மடங்கு, மொத்தம் 300 மில்லி. டயப்பரில் இருக்கும் 300 அது ஒன்றுதான்.

பாலிமர் பித்தன் | காலை 8:04
எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். "டயப்பரில் இருக்கும் 300" என்று அவரே எழுதிவிட்டார்.

பழைய ஆபரேட்டர் | காலை 8:06
மில்லி சார். மடங்கு இல்லை, மில்லி.

அளவுகோல் | காலை 8:40
இரண்டு பேரும் "உறிஞ்சும்" என்ற சொல்லை வெவ்வேறு பொருளில் பயன்படுத்துகிறீர்கள். தடையில்லாமல் ஊறுவது ஒன்று, பிழிந்த பிறகு தங்குவது ஒன்று, அழுத்தத்தின் கீழ் ஏறுவது ஒன்று. மூன்றுக்கும் தனித்தனிச் சோதனை, தனித்தனி எண். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்யலாமே?

பாலிமர் பித்தன் | காலை 8:51
முடிவு செய்ய என்ன இருக்கிறது? 300.

இரட்டைக்குழந்தை அம்மா | காலை 9:15
எனக்கு இந்த எண்கள் புரியவில்லை. என் குழந்தைகளுக்கு மெல்லிய டயப்பர் வாங்கினேன். நடு இரவில் தொடை ஓரமாக ஒழுகிவிடுகிறது. கழற்றிப் பார்த்தால் முன்பக்கம் கல்லுபோல உப்பியிருக்கிறது, பின்பக்கம் காய்ந்தபடி அப்படியே இருக்கிறது. பாதி இடம் சும்மா கிடக்கும்போது ஏன் ஒழுக வேண்டும்?

பழைய ஆபரேட்டர் | காலை 9:38
அம்மா, நீங்கள் கேட்டதுதான் இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி. பித்தன் சாரும் கேட்டுக்கொள்ளட்டும்.

இதற்கு ஜெல் அடைப்பு என்று பெயர். ஈரம் முதலில் படும் இடத்துக் குருணைகள் உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நடுவில் இருந்த சந்து மூடிக்கொள்கிறது. அடுத்து வரும் சிறுநீருக்குப் போக வழியில்லை, ஓரமாக வழிகிறது. பின்பக்கத் தூள் கடைசிவரை தாகத்தோடு கிடக்கிறது.

அந்த இடைவெளியைத் திறந்து வைப்பதுதான் இவர் "அடைசல்" என்று சொன்ன பஞ்சின் வேலை. நீளமான இழை, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல ஈரத்தை முன்னும் பின்னும் இழுத்துச் செல்லும். தூள் மெதுவாகக் குடிக்கும், பஞ்சு சட்டென்று வாங்கி வைத்துக்கொள்ளும். ஒன்று இல்லாமல் இன்னொன்று திணறும். தூள் செய்பவர்களும் இதற்காகவே குருணையின் மேல்தோலை மட்டும் கூடுதலாகப் பிணைத்து இறுக்கினார்கள். உள்ளே மென்மை, வெளியே கெட்டி, அழுத்தினாலும் நசுங்காது. அப்படிச் செய்யும்போது மடங்கு குறையும். தெரிந்தேதான் குறைத்தார்கள். மடங்கு மட்டும் போதுமென்றால் யாராவது அதைக் குறைப்பார்களா?

பாலிமர் பித்தன் | காலை 10:20
நீங்கள் வேலையை விட்டு எத்தனை வருடம் ஆகிறது? பஞ்சே இல்லாத கோர் (டயப்பரின் நடுவில் உறிஞ்சும் பகுதி) சந்தைக்கு வந்துவிட்டது. இரண்டு நான்வோவன் (நெய்யாத) துணிக்கு நடுவில் தூளைத் தூவி, சூட்டில் உருகும் ஹாட் மெல்ட் பசையில் பிடித்து வைக்கிறார்கள். ஈரம் ஓடுவதற்கு நடுவில் வெற்று வாய்க்கால்கள் விடுகிறார்கள். மேல்துணிக்குக் கீழே ஈரத்தை வாங்கிப் பரப்ப ஒரு தனி அடுக்கு. அதில் உள்ளே பாலிஎஸ்டர், வெளியே பாலிஎத்திலீன் என்று இரட்டை இழை, சூடான காற்றில் ஒட்டியது. பஞ்சு செய்த வேலையை அந்த அடுக்கே செய்கிறது.

நான் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. பஞ்சு போய்விட்டது. இன்னும் 300-ஐ மறுப்பீர்களா?

பழைய ஆபரேட்டர் | காலை 10:33
மறுப்பேன். பஞ்சு இல்லாத அந்தக் கோரிலும் 300 இல்லை. பஞ்சை எடுத்தவர்கள் அதற்குப் பதில் வாய்க்கால், தனி அடுக்கு, இரட்டை இழை, கூடுதல் பசை என்று நான்கு வேலை செய்ய வேண்டியிருந்தது. அடைசலை எடுத்தால் யாரும் இத்தனை பாடு பட மாட்டார்கள்.

இன்னொன்று. நிமிடத்துக்கு 600 டயப்பர் ஓடும் லைனில் தூள் ஊட்டியை, அதாவது தூளைக் கொட்டும் கருவியை, கவனித்தவனுக்குத்தான் தூள் என்றால் என்ன என்று தெரியும். மழை நாளில் காற்றிலுள்ள ஈரத்தையே குடித்துக் கட்டிதட்டிவிடும். ஊட்டி இரண்டு நொடி தடுமாறினால் இருபது டயப்பரில் தூள் குறையும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வாங்கிய தாய்க்கு நடு இரவில்தான் தெரியும். அப்படி ஒரு முறை என் ஷிப்டில் போய்விட்டது. அந்த வேதனையில்தான் பேசுகிறேன்.

நார்க்காரி | காலை 11:05
முதலில் அதைப் பஞ்சு என்று சொல்வதை நிறுத்துங்கள். பருத்திக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பைன் மரத்தின் கூழை அட்டைபோலச் சுருளாக்கி, சுத்தியல் ஆலையில் அடித்து நாராக்கியது. மரக்கூழ் என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, இந்தத் தூளின் பூர்வீகமே செடிதான். அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வுக்கூடத்தில் சோள மாவுச்சத்தை வைத்துத்தான் "சூப்பர் ஸ்லர்ப்பர்" செய்தார்கள். விதைக்கும் மண்ணுக்கும் ஈரம் காக்கக்கூட அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அங்கேயே நின்றிருந்தால் இன்று குப்பைமேடு இப்படி இருக்காது. நீங்கள் இரண்டு பேரும் பெட்ரோலியத் தூளுக்கு எத்தனை மடங்கு என்று அடித்துக்கொள்கிறீர்கள்.

பழைய ஆபரேட்டர் | காலை 11:22
லைனில் எல்லோரும் பஞ்சு என்றுதான் சொல்வோம், அப்படியே சொல்வேன்.

அந்த மாவுச்சத்துச் சரக்கையும் பாதி சொல்லி விட்டுவிட்டீர்கள். மாவுச்சத்தின் முதுகில் பாலிஅக்ரிலோநைட்ரில் சங்கிலியை ஒட்டுப் போட்டு, காரத்தில் வேகவைத்துச் செய்தது அது. தண்ணீரை இழுத்தது அந்த ஒட்டுப் பகுதிதான். இப்போது சர்க்கரையை நொதிக்க வைத்து அக்ரிலிக் அமிலம் எடுக்க முயல்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் செடியிலிருந்து வந்தாலும் அமிலம் அதே அமிலம், தூளும் அதே தூள். எளிதில் மட்காது.

நார்க்காரி | காலை 11:40
எல்லாம் தெரிந்தவர்போலப் பேசுவது உங்களுக்குப் புதிதல்ல. போன வருடம் பசை இழையிலும் இதே கதைதான். பசையில்லாமல் அல்ட்ராசோனிக்கில் (ஒலி அதிர்வில்) இணைக்கலாம் என்று நான் எழுதியபோது "விளையாட்டுப் பேச்சு" என்றீர்கள். இன்று இடுப்பு எலாஸ்டிக்கையே அப்படி இணைக்கும் எந்திரங்கள் இருக்கின்றன. இன்றுவரை அந்த வார்த்தையைத் திரும்பப் பெறவில்லை.

பழைய ஆபரேட்டர் | காலை 11:48
எலாஸ்டிக்குக்குச் சரி. நீங்கள் அன்று சொன்னது முழு டயப்பருக்கும். தூளை அதனதன் இடத்தில் பிடித்து வைக்கப் பசை வேண்டும் என்றேன், இப்போதும் சொல்கிறேன். பழைய இழை இருக்கிறது, போய்ப் படியுங்கள்.

நார்க்காரி | காலை 11:55
படித்தேன். "விளையாட்டுப் பேச்சு" என்றுதான் இருக்கிறது.

கோடைமழை | மதியம் 12:30
டயப்பரை விட்டு நாப்கினுக்கு வாருங்கள். எத்தனையோ காலமாக விளம்பரத்தில் நீலத் தண்ணீரை ஊற்றிக் காட்டினார்கள். மாதவிடாய் ரத்தம் நீலத் தண்ணீர் இல்லை. அதில் அணுக்கள் இருக்கின்றன, புரதம் இருக்கிறது, கொழகொழப்பு இருக்கிறது. 2023-ல் வந்த ஓர் ஆய்வில்தான் மனித ரத்தத்தின் சிவப்பணுக்களை ஊற்றி பேட், டாம்பான், உள்ளே வைத்து ரத்தத்தைப் பிடிக்கும் கப், டிஸ்க், மாதவிடாய் உள்ளாடை எல்லாவற்றையும் ஒப்பிட்டார்கள். டிஸ்க்தான் அதிகம் பிடித்தது. பெட்டியில் போட்டிருப்பதும் ரத்தத்தில் அளந்ததும் பல பொருட்களில் ஒத்துப்போகவில்லை. ரத்தப்போக்கு அதிகம் என்று டாக்டரிடம் சொல்பவர்கள் எத்தனை பேட் நனைந்தது என்றுதான் கணக்குச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கே ஆட்டம் காண்கிறது. 300-ஆ 30-ஆ என்று சண்டை போடுகிறீர்களே, ரத்தத்தில் எவ்வளவு என்று ஒருவராவது கேட்டீர்களா?

பழைய ஆபரேட்டர் | மதியம் 12:46
சரியாகப் பிடித்தீர்கள். ரத்தத்தில் தூள் இன்னும் திணறும். அணுவும் புரதமும் குருணையின் மேல் படிந்துவிட்டால் நீர் உள்ளே போகாது. உப்பு நீரில் வரும் 30-கூட அங்கே எதிர்பார்க்க முடியாது. இதைத்தான் நானும் காலையிலிருந்து சொல்கிறேன்.

கோடைமழை | மதியம் 12:49
நீங்கள் ரத்தம் என்ற சொல்லையே காலையிலிருந்து எழுதவில்லை. மேலே போய்ப் பாருங்கள்.

பாலிமர் பித்தன் | மதியம் 1:10
ஆளாளுக்கு ஒரு திரவத்தை ஊற்றிக்கொண்டே போகலாம். நான் சொன்னது தூளின் குணம். இரும்பின் உருகுநிலையைச் சொன்னால், "என் வீட்டு அடுப்பில் உருகவில்லை" என்று யாராவது மறுப்பார்களா?

பழைய ஆபரேட்டர் | மதியம் 1:17
தூளின் குணத்தை மட்டும் சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். "10 கிராம் போட்டால் 3 லிட்டர் பிடிக்கும்" என்று டயப்பருக்குக் கணக்குப் போட்டது யார்? அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள், நான் போய்விடுகிறேன்.

பாலிமர் பித்தன் | மதியம் 1:21
எடுக்க மாட்டேன். 10-ஐ 300-ஆல் பெருக்கினால் 3000. பெருக்கலில் தப்பு காட்டுங்கள்.

அளவுகோல் | மதியம் 1:40
காலையில் நான் கேட்டதை மறுபடி கேட்கிறேன். தடையில்லாமல் ஊறுவதா, பிழிந்த பின் தங்குவதா, அழுத்தத்தின் கீழ் ஏறுவதா?

பழைய ஆபரேட்டர் | மதியம் 1:44
உப்பு நீரில் 30. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நார்க்காரி | மதியம் 1:52
தூள் போகட்டும், டயப்பரின் வெளிப்பக்க அடித்துணியைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம். அது முழுக்கப் பிளாஸ்டிக். குழந்தையின் தோல் மூச்சுவிட முடியாமல் வேகிறது.

பழைய ஆபரேட்டர் | மதியம் 2:08
அதுவும் பழைய கதை. இப்போது பல டயப்பர்களில் பாலிஎத்திலீனோடு கால்சியம் கார்பனேட் தூளைக் கலந்து படலமாக்கி இழுக்கிறார்கள். இழுக்கும்போது ஒவ்வொரு துகளைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத துளை விழும். ஆவி வெளியே போகும், சொட்டு போகாது. வெளிச்சத்தில் பிடித்தால் பால்போல மங்கலாகத் தெரியும். இழுப்பு கொஞ்சம் கூடினால் கசியும், குறைந்தால் துளையே விழாது. அந்த உருளையின் வேகத்தைப் பிடிக்க அனுபவம் வேண்டும்.

பிளாஸ்டிக் என்பது உண்மை, மறுக்கவில்லை. வேகிறது என்பதைத்தான் மறுக்கிறேன்.

நார்க்காரி | மதியம் 2:15
மட்குமா, மட்காதா? அதைச் சொல்லுங்கள்.

பழைய ஆபரேட்டர் | மதியம் 2:19
நான் உறிஞ்சுவதைப் பற்றிப் பேச வந்தேன்.

நார்க்காரி | மதியம் 2:20
பசை இழையிலும் இப்படித்தான் நழுவினீர்கள்.

பாலிமர் பித்தன் | மாலை 4:05
டம்ளர் சோதனையைச் செய்துவிட்டேன். கிழித்த டயப்பர், அரைத் தேக்கரண்டி, காய்ச்சி வடித்த நீர். கவிழ்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை. அவர் சொன்ன சோதனையே என் பக்கம் நிற்கிறது.

பழைய ஆபரேட்டர் | மாலை 4:09
இரண்டாவது டம்ளர் என்ன ஆயிற்று?

பாலிமர் பித்தன் | மாலை 4:30
தூய நீரில் 300 மடங்கு. நான் எழுதியது அப்படியே நிற்கிறது.

பழைய ஆபரேட்டர் | மாலை 4:31
இரண்டாவது டம்ளர், சார்.

இரட்டைக்குழந்தை அம்மா | மாலை 6:10
ஆபரேட்டர் அண்ணா, ஏன் ஒழுகுகிறது என்பது புரிந்துவிட்டது. ராத்திரிக்கு எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்லவில்லையே. தடித்ததா, வாய்க்கால் வைத்ததா?

பழைய ஆபரேட்டர் | மாலை 6:25
சொல்கிறேன் அம்மா. முதலில் இவர் இரண்டாவது டம்ளருக்குப் பதில் சொல்லட்டும்.