ஈகிரெப் எச்சரிக்கை: ஓடுகிற ஸ்கிரிப்டை உடைத்துத்தான் மாற்ற வேண்டுமா?

இரவுப்பணி:
போன வாரம் ஒரு சர்வரில் ஓஎஸ் அப்கிரேடு செய்தோம். அன்றிலிருந்து தினமும் இரவு 2 மணிக்கு அலாரம். லாகைத் திறந்து பார்த்தால் ஒரு பிழையும் இல்லை. இரண்டு நாள் தேடிய பிறகுதான் பிடிபட்டது. பத்து வருடத்துக்கு முந்தைய ஸ்கிரிப்ட் ஒன்று, ஈகிரெப் (ஃபைலில் வேண்டிய வரிகளைத் தேடி எடுக்கும் கட்டளை) வைத்துப் பிழை வரிகளை எடுத்து, 2>&1 போட்டு (பிழைச் செய்திகளையும் வெளியீட்டோடு சேர்க்கும் குறி), பைப் வழியாக (வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் வழி) எத்தனை வரி என்று எண்ணுகிறது. ஈகிரெப் அடங்கிய ஜிஎன்யூ கிரெப் தொகுப்பின் 3.8 பதிப்பு முதல் (2022 செப்டம்பர்) ஈகிரெப்பை அழைத்தாலே, "இது வழக்கொழிந்து வருகிறது, கிரெப் -ஈ பயன்படுத்தப்படுகிறது" என்ற பொருளில் ஸ்டாண்டர்ட் எரரில் (பிழைச் செய்திகள் போகும் தனி வழி) ஒரு வரி வருகிறது. அந்த வரியும் கணக்கில் சேர்ந்து 0 இருக்க வேண்டிய இடத்தில் 1. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை எதற்காகத் தொட்டார்கள்?

நிரல்மரம்:
இரண்டு நாள் வீணானது வருத்தம்தான். ஆனால் ஈகிரெப், அதன் ஜோடியான எஃப்கிரெப் இரண்டையும் கைவிடப் போவதாக 2007-லேயே, 2.5.3 பதிப்பில் சொல்லிவிட்டார்கள். 15 வருடம் பொறுத்துத்தான் எச்சரிக்கையே போட்டார்கள். அதோடு, எண்ணுகிற இடத்தில் 2>&1 போட்டது உங்கள் ஸ்கிரிப்டின் தவறு. லாக் ஃபைலே இல்லையென்றாலும் அந்தச் செய்தியையும் சேர்த்து 1 என்றுதானே எண்ணும்?

இரவுப்பணி:
அதற்காகவேதான் போட்டோம். ஃபைல் காணாமல் போனாலும் அலாரம் அடிக்க வேண்டும். ஸ்டாண்டர்ட் எரரில் என்ன வரும், எப்போது வரும் என்பதும் அந்தக் கருவி கொடுத்த வாக்குதான். 2007-ல் சொன்னது ரிலீஸ் குறிப்பில் இருந்தது. எங்கள் ஆபீசில் அந்த ஸ்கிரிப்டை எழுதியவரே இப்போது இல்லை, அதை யார் போய்ப் படிப்பது?

புதுக்குடம்:
இரண்டு பேருமே கிட் (நிரல்களின் பதிப்புகளைக் காக்கும் கருவி) 2.0-ஐ நினைத்துப் பாருங்கள். அதற்கு முன்பு வெறுமனே கிட் புஷ் (நம் மாற்றங்களைப் பொது சர்வருக்கு அனுப்பும் கட்டளை) என்று அடித்தால், இரண்டு பக்கமும் ஒரே பெயரில் இருக்கும் எல்லாக் கிளைகளும் (வேலையின் தனித்தனி வரிசைகள்) போகும். கட்டாயமாக ஏற்றும் ஃபோர்ஸும் சேர்த்தால் மற்றவர்களின் கிளைகள் மேல் உங்களிடம் இருக்கும் பழைய பிரதி ஏறி உட்கார்ந்துவிடும். எனக்கே நடந்தது, நண்பர் ஒருவரின் மூன்று நாள் வேலையை மீட்க ஒரு இரவு முழுக்க உட்கார்ந்தோம். 2014 மே மாதம் டிஃபால்ட்டை மாற்றினார்கள், இப்போது நிற்கிற கிளை மட்டும்தான் போகும். அதற்கு வெகு முன்பே எச்சரிக்கை வந்தது. பழையது வேண்டுமென்றால் இந்தக் கட்டளை, புதியது வேண்டுமென்றால் இந்தக் கட்டளை என்று இரண்டையும் அதிலேயே எழுதியிருந்தார்கள். ஒரு முறை அமைத்துவிட்டால் எச்சரிக்கையும் நின்றுவிடும். டிஃபால்ட்டை மாற்றவே கூடாது என்பதை என்னால் ஏற்க முடியாது.

இரவுப்பணி:
கிட் விஷயத்தில் நானும் உங்கள் பக்கம். அங்கே பழைய டிஃபால்ட்டே ஆபத்து. ஈகிரெப்பால் யாருக்கு என்ன ஆபத்து? இன்னொரு வழியும் இருக்கிறது. கோர்யூட்டில்ஸ் என்ற அடிப்படைக் கட்டளைத் தொகுப்பின் 8.25-ல் (2016), ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை, இடைவெளி உள்ள ஃபைல் பெயர்களுக்கு மேற்கோள் குறி போட ஆரம்பித்தது. பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் டெர்மினலில் (மனிதர் கட்டளை அடிக்கும் திரை) மட்டும்தான் அப்படி. பைப்பில் போனால் பழையபடியே. அதனால் ஸ்கிரிப்டுகள் தப்பின. ஈகிரெப்பும் எதிரே டெர்மினல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எச்சரித்திருக்கலாமே?

நிரல்மரம்:
எல்எஸ் மனிதர் பார்ப்பதற்காக மாறியது, அங்கே அது சரி. இங்கே மாற வேண்டியதே ஸ்கிரிப்ட்தான். டெர்மினலில் மட்டும் சொன்னால், க்ரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கருவி) ஓடும் ஸ்கிரிப்டுக்கு ஈகிரெப் நீக்கப்படும் நாள் வரை ஒன்றுமே தெரியாது. அன்றைக்கு 2>&1 போடாத ஒரு ஸ்கிரிப்டை நினைத்துப் பாருங்கள். கட்டளையே இல்லை, எண்ணிக்கை 0, "பிழை எதுவும் இல்லை" என்று மாதக்கணக்கில் பச்சை விளக்கு. உங்களுக்கு வந்த பொய் அலாரத்தைவிட எனக்கு அதுதான் பயம்.

இரவுப்பணி:
அந்த பயம் நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீக்கினால்தானே அந்த நாள் வரும்? ஈகிரெப் என்பது கிரெப் -ஈ-யை அழைக்கும் சில வரி ஷெல் ஸ்கிரிப்ட், அவ்வளவுதான். அதை அப்படியே விட்டுவைத்தால் யாருக்கு என்ன பாரம்? நேற்று உட்கார்ந்து எங்கள் ஸ்கிரிப்டுகள் எல்லாவற்றையும் கிரெப் -ஈ-க்கு மாற்றிவிட்டேன். ஆனால் வாடிக்கையாளர் பக்கம் இரண்டு சர்வர்கள் இருக்கின்றன, அங்கே ஸ்கிரிப்டைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை. இந்தக் கதையைக் கேட்டதும் அவர்கள் அப்கிரேடையே நிறுத்திவிட்டார்கள். பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடு நின்றுபோயின.