பார்த்தீனியம் பூத்தால் தும்மல், கூடவே அசதி: வழி சொல்லுங்கள்

வணக்கம். கோவையில் மழை ஓய்ந்து காலி மனைகளில் பார்த்தீனியம் வெள்ளையாகப் பூத்தால் போதும், எனக்குத் தும்மல் தொடங்கிவிடும். தும்மலைக்கூடச் சமாளிக்கலாம், அசதிதான் ஆளைச் சாய்க்கிறது. இரவெல்லாம் மூக்கடைத்து, வாயால் மூச்சு விட்டு, அரைகுறைத் தூக்கம். அலர்ஜி மாத்திரையான செட்டிரிசின் போட்டால் மறுநாள் மதியம் வரை கண் சொக்குகிறது. அவ்வளவாகத் தூக்கம் வரவைக்காத ஃபெக்ஸோஃபெனடின் பற்றி மருத்துவரிடம் கேட்கப் போகிறேன். காய்ச்சி ஆறவைத்த உப்புநீரில் மூக்கைக் கழுவுவது இதமாக இருக்கிறது. ஆவியும் பிடித்தாச்சு, கொஞ்ச நேர நிம்மதிதான்.

மூக்கு ஸ்ப்ரே தினமும் அடிப்பவர்களே, பலன் தெரிய எத்தனை நாள் ஆனது? வேலைக்குப் போய்க்கொண்டே இந்தச் சோர்வை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அப்புறம், துணியில் மகரந்தம் ஒட்டும் என்று மொட்டைமாடியில் காயப்போடுவதை நிறுத்தி யாருக்காவது குறைந்ததா?