எப்பாக்சி க்யூரிங்: உலர்தலா, உறைதலா, இறுகலா?

நண்பர்களுக்கு வணக்கம். எப்பாக்சி பிசினோடு ஹார்டனர் என்ற இன்னொரு பொருளைக் கலந்தால் இரண்டும் வினைபுரிந்து கெட்டியாகும். இதைத்தான் க்யூரிங் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்.

> எப்பாக்சி பிசின் க்யூர் ஆவதை 'உலர்தல்' என்றே எழுதலாமே? எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். எங்கள் பட்டறைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், காகிதக் கோப்பையில் கலந்து வைத்த பிசின் சீக்கிரம் காயட்டும் என்று மின்விசிறியை அதன் பக்கம் திருப்பினார். அதில் காய்வதற்கு என்ன இருக்கிறது? அரை மணியில் கோப்பை தொட முடியாதபடி சுட்டது. பிசின் புகைந்து, பழுப்பேறி, நடுவில் விரிசல் விட்டது. எல்லாம் ஹார்டனரில் இருக்கும் அமைனும் பிசினும் வினைபுரிந்ததில் பிறந்த சூடு.

'பதப்படுத்தல்' தோலுக்கும் புகையிலைக்கும் ஏற்கெனவே போய்விட்டது. அதை விடுவோம்.

> ஹார்டனர் உறைமோர் மாதிரிதானே? 'உறையூக்கி' என்றால்?

ரசித்தேன். தயிர் திரும்பப் பாலாகாது என்பது வரை உவமை பொருந்துகிறது. ஆனால் உறைமோர் அரைக் கரண்டி கூடினாலும் குறைந்தாலும் தயிர் தோய்ந்துவிடும். இங்கே அப்படி இல்லை. வழக்கமான திரவ எப்பாக்சி 100 கிராமுக்கு டிரைஎத்திலீன் டெட்ராமின் என்ற ஹார்டனர் ஏறக்குறைய 13 கிராம். டைஅமினோ டைஃபினைல் சல்ஃபோன் என்றால் 33 கிராம் அளவில். ஹார்டனர் வெறுமனே ஊக்கிவிட்டு ஒதுங்குவதில்லை, பிசின் மூலக்கூறுகளோடு பிணைந்து உருவாகும் வலையில் தானே ஒரு கண்ணியாகிவிடுகிறது. அளவு தவறினால் வலையில் ஓட்டை.

அதனால் என் பரிந்துரை: தானாக நடப்பது இறுகல், நாம் செய்வது இறுக்கல், ஹார்டனர் இறுக்கி. தன்வினையும் பிறவினையும் ஒரே வேரில் கிடைப்பது எவ்வளவு வசதி என்று எழுதிப் பார்த்தால் தெரியும்:

"அறை வெப்பநிலையில் இறுகிய பிசின் 60 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். வலை இறுக இறுக மூலக்கூறுகள் நகர இடமின்றி முடங்கி, வினை பாதியில் நிற்பதே காரணம். அதையே 100 டிகிரியில் சில மணி நேரம் பின்னிறுக்கினால் இளகும் வெப்பநிலையும் 100ஐத் தாண்டும். சல்ஃபோன் இறுக்கி சேர்த்து 180 டிகிரியில் இறுக்கினால் 200 வரை எட்டலாம். அதன் பென்சீன் வளையங்கள் வலையை விறைப்பாக வைத்திருக்கின்றன."

இறுகிய பிசினை மறுபடி சூடேற்றும் போஸ்ட் க்யூரிங்குக்குப் 'பின்னிறுக்கல்' தானாக வந்து உட்கார்ந்துவிட்டது, கவனித்தீர்களா?

> இறுக்கி என்றால் கிளாம்ப் என்று நினைத்துவிட மாட்டார்களா?

பட்டறையில் கிளாம்பை யாரும் இறுக்கி என்று கேட்டு வாங்குவதில்லை. குழப்பம் வரும் இடத்தில் 'பிசினிறுக்கி' என்று எழுதிக்கொள்ளலாம்.

அப்புறம், பாட் லைஃப். 'பாண்ட ஆயுள்' என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்துச் சிரித்துவிட்டேன். கலந்த பிறகு எவ்வளவு நேரத்துக்குள் ஊற்றி முடிக்க வேண்டும் என்பதுதானே விஷயம்? 'கலவைக்கெடு' என்கிறேன். பெயின்ட் வேலையில் இருப்பவர்கள் என்ன சொல்கிறீர்கள்?