ஹெலியோஸ் லென்ஸ் நிக்கானில்: கிட்டே தெளிவு, தூரத்தில் மங்கல். லென்ஸ் போச்சா?

சிந்துபூந்துறை தம்பி
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். மாமாவிடமிருந்து ஒரு ஜெனித் டிடிஎல் கைக்கு வந்திருக்கிறது, ரஷ்யக் கேமரா, கூடவே அதன் ஹெலியோஸ் 44எம் லென்ஸ், 58 மி.மீ., எஃப்2. 2023 டிசம்பர் வெள்ளத்தில் பீரோ மேல்தட்டில் இருந்ததால் பிழைத்தது, ஆனால் தோல் உறை பல நாள் ஈரமாகவே கிடந்தது. என்னிடம் இருப்பது நிக்கான் டி5300 டிஜிட்டல் கேமரா. எம்42 என்கிற இந்தப் பழைய திருகு லென்ஸை நிக்கானில் மாட்ட ஆன்லைனில் ஒரு அடாப்டர் வாங்கினேன், வெறும் உலோக வளையம், கண்ணாடி எதுவும் இல்லை. ஆச்சி முகத்தை எடுத்தால் நரைமுடி ஒவ்வொன்றாக எண்ணலாம். டவுனில் ரத வீதியில் நின்று நெல்லையப்பர் கோபுரத்தை எடுத்தால் ஃபோகஸை இன்ஃபினிட்டி (கடைசித் தூரம்) வரை திருகியும் கரைத்து வைத்த மாவு மாதிரி இருக்கிறது. இன்னொன்று, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அப்பர்ச்சர் வளையத்தை 2-லிருந்து 16 வரை திருப்பினாலும் உள்ளே இதழ்கள் அசையவில்லை. கேமராவை ஏ மோடில் (ஷட்டர் வேகத்தைக் கேமராவே முடிவு செய்வது) வைத்தால் ஷட்டரும் விழவில்லை. ஒரு கடையில் காட்டினேன், டார்ச் அடித்துப் பார்த்து "பங்கஸ் (பூஞ்சணம்), தூக்கிப் போடு" என்று முடித்துவிட்டார்கள். ஓரத்தில் பஞ்சு நூல் மாதிரி இருப்பது உண்மைதான். அதனால்தான் மங்குகிறதா?

தென்காசி ஸ்டுடியோ
ஆமா தம்பி, பங்கஸ்தான். சாரல் காலத்தில் இங்கே எத்தனை லென்ஸ் போயிருக்கிறது தெரியுமா. வெயிலில் வைத்துப் பாருங்கள்.

அம்பை வாத்தியார்
பங்கஸ் இருக்கலாம், ஆனால் மங்கலுக்கு அது காரணம் இல்லை. பங்கஸ் என்றால் ஆச்சி முகமும் மங்கியிருக்க வேண்டுமே? இது இடைவெளிக் கோளாறு. எம்42 லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் பிலிமுக்கும் நடுவே 45.46 மி.மீ. இருக்க வேண்டும். நிக்கானில் அந்த இடைவெளி 46.5. லென்ஸ் அங்கேயே ஒரு மி.மீ. முன்னால் தள்ளிப்போயாச்சு, அப்புறம் உங்கள் வளையத்தின் தடிமன் இன்னொரு மி.மீ. என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2. இப்போது லென்ஸின் குவியத் தூரமான 58-ஐ 58-ஆல் பெருக்கி 2-ஆல் வகுங்கள், 1682 மி.மீ. வரும். லென்ஸை எவ்வளவு திருகினாலும் ஏறக்குறைய அந்தத் தூரத்தோடு தெளிவு நின்றுவிடும். நம்பாவிட்டால் டேப் வைத்து அளந்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஷட்டர் விழாதது கோளாறே இல்லை. லென்ஸில் சிப் கிடையாது, டி5300 அதை அடையாளம் காணாது. எம் மோடில் (எல்லாம் நாமே கையால் வைப்பது) வைத்தால் விழும். மீட்டர் வேலை செய்யாது, எடுத்த படத்தின் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராம் பார்த்துச் சரிசெய்ய வேண்டியதுதான். நம்மூர் வெயிலுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப்16, 1/100-இல் தொடங்குங்கள்.

சிந்துபூந்துறை தம்பி
சார், அளந்தேன். சுவரில் காலண்டரை மாட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டே வந்தேன், ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் மேலே போனதும் தேதி எழுத்து மங்க ஆரம்பித்துவிட்டது! வளையத்தைக் கடையில் கொடுத்து ராவி மெலிதாக்கினால் தீருமா?

அம்பை வாத்தியார்
ராவவே ராவாதீர்கள். தடிமனைச் சுத்தமாக இல்லாமல் ஆக்கினாலும் அந்த முதல் ஒரு மி.மீ. பாடியிலேயே இருக்கிறதே, மூன்றே கால் மீட்டருக்கு மேல் போகாது. கண்ணாடி வைத்த அடாப்டர் கிடைக்கும், கோபுரமும் தெரியும், ஆனால் முழுசாகத் திறந்து எடுத்தால் படம் சொதசொதவென்று இருக்கும். பழைய லென்ஸை அதற்காகவா மாட்டுகிறோம்?

பாளை பெண்
தம்பி, கேனான் ஈஓஎஸ் வைத்திருக்கும் யாரிடமாவது ஒரு நாள் கடன் கேளுங்கள். அதில் இடைவெளி 44 மி.மீ., மிச்சம் 1.46-ஐ அடாப்டரே நிரப்பிவிடும், கண்ணாடி தேவையில்லை. சோனி மிரர்லெஸ் என்றால் இன்னும் வசதி, அங்கே 18 மி.மீ. மட்டும்தான், குழாய் மாதிரி நீள அடாப்டர் வரும், ஆனால் மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் விழ அனுமதி கொடுக்க வேண்டும். நான் இது தெரியாமல் ஒரு சாயங்காலம் முழுக்கக் கூந்தன்குளம் கரையில் கொக்கைப் பார்த்துக்கொண்டே கேமராவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பர்ச்சருக்கு: லென்ஸின் பின்பக்க ஓரத்தில் ஏ, எம் என்று ஒரு சின்ன விசை இருக்கும் பாருங்கள், கேமராவின் ஏ, எம் மோடு வேறு, இது வேறு. ஏ-யில் இருந்தால் பின்னால் உள்ள ஊசியைக் கேமரா அமுக்கினால்தான் இதழ் மூடும். உங்கள் வளையம் அமுக்காது. எம் பக்கம் தள்ளுங்கள். விசை இல்லாத பிந்தைய ஹெலியோஸ்களுக்கு ஊசியை அமுக்கும் விளிம்பு வைத்த அடாப்டர்தான் வாங்க வேண்டும்.

சிந்துபூந்துறை தம்பி
அக்கா, விசை இருந்தது! தள்ளினேன், இதழ் எல்லாம் பூ மாதிரி மூடுகிறது. மூன்று மாதமாக அதை வெறும் அழுக்கு என்று நினைத்திருந்தேன். பங்கஸுக்கு என்ன செய்ய? அரிசிப் பானைக்குள் போட்டு வை என்று ஆச்சி சொல்கிறார்கள்.

பாளை பெண்
அரிசி வேண்டாம், தவிட்டுத் தூசி ஃபோகஸ் மரைக்குள் போய் நறநற என்று அரைக்கும். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அந்தத் தோல் உறையைப் பிரித்துவிடுங்கள், ஈரம் தங்குவது அதில்தான். ஓரத்தில் நாலு நூல் இருப்பதால் படத்தில் ஒன்றும் தெரியாது, சூரியனை எதிரே வைத்து எடுத்தால் மட்டும் கொஞ்சம் வெளுக்கும். இதற்காகத் திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஃபோகஸ் மரை கழன்று வந்துவிட்டால் எந்தப் புரியில் திரும்ப ஏற்றுவது என்று அடையாளம் வைக்காமல் விழித்தவர்களில் நானும் ஒருத்தி.

தென்காசி ஸ்டுடியோ
நான் அவசரப்பட்டுவிட்டேன் தம்பி. வாத்தியார் சொன்னதே சரி.

சிந்துபூந்துறை தம்பி
அத்தானிடம் பழைய ஈஓஎஸ் வாங்கிக் குறுக்குத்துறைக்குப் போய்விட்டு வந்தேன். முருகன் கோயில் மண்டபம் அக்கரையிலிருந்தே தூண் தூணாகத் தெரிகிறது. கிட்டே ஒரு படித்துறைக் கல்லை வைத்து எஃப்2-இல் எடுத்தால் பின்னால் இருந்த இலையெல்லாம் சுழி சுழியாக ஆற்றுத் தண்ணீர் மாதிரி சுற்றுகிறது. அத்தான் கேமராவைத் திருப்பிக் கேட்டு இரண்டு தடவை போன் பண்ணியாச்சு. தோல் உறையை மொட்டை மாடியில் காயப் போட்டிருக்கிறேன், வெற்றிலை பாக்கு வைக்க ஆச்சி கேட்டிருக்கிறார்கள்.